பணம் தீரும் வேளையில் மருந்து நிற்கக் கூடாது

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு, நோய் உறுதியான முதல் வாரத்தைவிட, குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றும் மாதங்களே அதிகக் கவலை தருகின்றன. முதல் வாரத்தில் உற்றார் உறவினர் சூழ்ந்து நிற்பார்கள். கேட்ட இடத்தில் கடன் கிடைக்கும். முடி மீண்டும் வளர்ந்து குழந்தை ஓடியாடத் தொடங்கும்போதோ, கைமாற்று கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய். தொடக்கச் சிகிச்சையின் நான்கைந்து வாரங்களிலேயே பெரும்பாலான குழந்தைகளின் பரிசோதனையில் நோயணுக்கள் தென்படாமல் போகின்றன. ஆனால் நுண்ணோக்கியின் கண்ணுக்குத் தப்பியவை உடலுக்குள் எஞ்சியிருக்கும் என்பதால்தான், முழுச் சிகிச்சையும் 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீள்கிறது. அதன் பெரும்பகுதி, வீட்டிலிருந்தபடியே மாத்திரை விழுங்கும் பராமரிப்புக் காலம். அப்போது அன்றாடம் தரப்படும் மெர்காப்டோபியூரின் என்னும் புற்றுநோய் மாத்திரையை, பரிந்துரைத்த அளவில் 95 விழுக்காட்டுக்கும் குறைவாக உட்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதத்திற்கு இரண்டு நாள் தவறினாலே அந்த அளவுக்குக் கீழே போய்விடும்.

ஒரு தாயின் பையில், அந்த மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைப் பட்டை பாதி அப்படியே இருந்தது. மறதி அதற்குக் காரணமில்லை. அடுத்த பட்டை வாங்க வழியில்லாததால், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்து வந்திருக்கிறார். மருத்துவர் கேட்டபோதெல்லாம் "தவறாமல் கொடுக்கிறேன்" என்றே சொல்லியிருக்கிறார். அலட்சியமான தாய் என்று எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம் அவருக்கு. அளவாகச் செலவழித்துக் குடும்பத்தைக் கரைசேர்க்கும் அதே பொறுப்புணர்வுதான் அவரை அப்படிச் செய்யவைத்தது.

வருமானம் மிகுந்த நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் குணமடைகையில், ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதற்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் காரணங்களுள், சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் ஒன்று. கைவிடும் குடும்பங்களைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. மருத்துவமனைக் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிற செலவு; பயணம், தங்கும் இடம், குழந்தையோடு இருக்கவேண்டிப் பெற்றோரில் ஒருவர் இழக்கும் வருமானம் ஆகியவை எந்த ரசீதிலும் வருவதில்லை. வீட்டில் உள்ள மற்றக் குழந்தையின் படிப்புச் செலவு ஓசையின்றித் தள்ளிப்போடப்படுவதும் இதனால்தான்.

ஆகவே, கையில் இரண்டு வார மருந்தாவது இருக்கும்போதே, "அடுத்த மாதத்திற்குப் பணம் இல்லை" என்று சிகிச்சைக் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவகாசம் இருந்தால் உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். விலை குறைந்த அதே மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ரத்தப் பரிசோதனையை வீட்டுக்கு அருகிலேயே செய்துகொள்ள ஏற்பாடு செய்யலாம். பணியிடத்தில் விடுப்புக் கோரக் கடிதம் பெறலாம். எல்லாக் கோரிக்கையும் நிறைவேறும் என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆனால் மருந்து தீர்ந்தபின் வருவோருக்கு இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து முடிக்க நேரமே இருப்பதில்லை.

காய்ச்சலில் மட்டும் காத்திருக்கவே கூடாது. கீமோதெரபியால், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலே அது அவசர நிலை. சில மணி நேரத்தில் தொற்று உயிருக்கு ஆபத்தாகலாம். செலவுக்கு அஞ்சி, காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு விடியும் வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அந்தச் செலவை எப்படிச் சமாளிப்பது என்பதை மறுநாள் காலையில் என்னைப் போன்றோருடன் அமர்ந்து பேசிக்கொள்ளலாம்.