குன்னூரும் கப்பலில் வந்த காய்ச்சலும்

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் என்றதும் நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். 1907இல் தொடங்கிய இடம். 1950களில் இந்திய அரசின் இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) மையமும் அங்கேதான் இயங்கியது என்பது மலையில் குடியிருப்பவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் காய்ச்சலும் ஏறி வந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுக்க 44 லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டதாகப் பதிவானது. பதிவேட்டுக்கு வராமல் வீட்டிலேயே படுத்துத் தேறியவர்கள் வேறு. அந்த அலையின் போக்கைத் தொகுத்து, 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியவர் குன்னூர் மையத்தின் ஐ.ஜி.கே. மேனன்.

அது வந்த ஊர் சென்னை, வந்த காலம் அக்னி நட்சத்திரம். பனியும் இல்லை, குளிரும் இல்லை. புத்தம் புதிய வைரஸ் என்பதால் அது பருவம் பார்க்கவில்லை. பெரும்பாலோர் உடம்பில் அதற்கு எதிர்ப்பு இல்லை.

ஆனாலும் ஊட்டியில் காய்ச்சல் என்றால் முதல் பழி பனிக்குத்தான். ‘தலையில பனி இறங்கிடுச்சு’ என்று சொல்லாத பாட்டி உண்டா? பனி வைரஸை உண்டாக்காது. ஆளிடமிருந்துதான் ஆளுக்கு வரும். அதற்காகக் குளிரை முழுதாக விடுவித்துவிடவும் முடியாது. 2007இல் நியூயார்க்கில் கினிப் பன்றிகளை அடுத்தடுத்த கூண்டுகளில் வைத்துப் பார்த்தார்கள். 5 டிகிரி குளிரில் வைரஸ் நன்றாகப் பரவியது. 20 டிகிரியில் காற்று உலர்ந்திருந்தபோது பரவியது, ஈரப்பதம் 80 சதவீதமானதும் நின்றது. 30 டிகிரியில் காற்று வழியாகப் பரவவே இல்லை.

ஊட்டியில்தான் எப்போதும் மூடுபனியாயிற்றே, ஈரத்துக்கு என்ன குறை என்று கேட்கலாம். 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் வரை தாங்கும். ஆகவே, கண் தெரியாத அளவு பனிமூட்டம் சூழ்ந்த ஜனவரி விடியலில் ஊட்டிக் காற்றில் இருக்கும் நீராவி, வியர்த்து வழியும் சென்னைக் காற்றில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. அந்தக் காற்றை வீட்டுக்குள் விட்டுச் சன்னலைச் சாத்தி அறையைச் சூடாக்கினால் அது உலர்ந்த காற்றுதான். அடைத்த அறைக்குள் நாலு பேர் நெருங்கி உட்கார்வது இன்னொரு வசதி, வைரஸுக்கு.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஃப்ளூ குளிர்காலத்தோடு வந்து குளிர்காலத்தோடு போவதற்கு இது ஓரளவு பொருந்துகிறது. வெப்ப நாடுகளில் கதையே வேறு. அங்கே மழைக்காலத்தில்தான் ஏறுகிறது. இந்தியாவுக்குள்ளேயே மூன்று விதம். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர், அதாவது நம் ஐப்பசி அடைமழை. நீலகிரி இந்த இரண்டு மழைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கூடலூர், பந்தலூர் ஜூன், ஜூலையில் நனையும். அங்கிருந்து ஜனம் வயநாட்டுக்கும் மைசூருக்கும் போய்வரும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில். அவர்களுக்கு வழி மேட்டுப்பாளையம், கோவை. ஒரே மாவட்டம்தான், ஆனால் காய்ச்சல் ஏறி வரக்கூடிய சாலைகள் வேறு, மாதங்களும் வேறு.

சீசன் இல்லாத மாதங்களில் வைரஸ் எங்கே போகிறது? எங்கும் ஒளிந்துகொள்வதில்லை. வீட்டு அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டிலிருந்து தணல் வாங்கி வந்து மூட்டுவார்கள் இல்லையா, அப்படித்தான். உலகில் எங்கோ ஓர் இடத்தில் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 2002 முதல் 2007 வரை சேகரித்த சுமார் 13,000 எச்3என்2 (ஃப்ளூவில் ஒரு வகை) வைரஸ்களை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, அந்த இடம் கிழக்கு, தென்கிழக்கு ஆசியா என்றது. ஒரு நாட்டில் மட்டும் நிலைத்து எரியவில்லை. உச்ச மாதங்கள் ஊருக்கு ஊர் மாறுவதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது.

2015இல் வந்த இன்னோர் ஆய்வு இந்தப் படத்தைத் திருத்தியது. எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். எச்3என்2தான் அப்படி உலகம் சுற்றுகிறது. எச்1என்1, பி வகை வைரஸ்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. இந்தியா, சீனா போன்ற நாடுகளுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. காரணமாக அவர்கள் சொன்னது வயது. எச்3என்2 வேகமாக உருமாறுவதால் முன்பு காய்ச்சல் கண்ட பெரியவர்களையும் மறுபடி பிடிக்கிறது. மற்றவை மெதுவாக மாறுவதால் பெரும்பாலும் சிறுவர்களிடம்தான் செல்லுபடியாகின்றன. விமானம் ஏறுகிறவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம், வீடு என்று இருப்பார்கள்.

பிள்ளைகள் பயணம் செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஊட்டி, கொடைக்கானல் விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம். 1978 ஜனவரி, இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளி, 763 மாணவர்கள். விடுமுறை முடிந்து ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு பையனுக்குக் காய்ச்சல். இரண்டு வாரத்தில் 512 பேர் படுத்துவிட்டார்கள். அவர்களோடு பழகிய பெரியவர்கள் சுமார் 130 பேர். அவர்களில் நோய் கண்டவர் ஒரே ஒருவர்! அது எச்1என்1. 1957இல் நம் கப்பலில் வந்த எச்2என்2 பரவியதும் உலகிலிருந்து விலகிப்போய், 1977இல் திரும்பி வந்த வகை. பெரியவர்கள் தங்கள் சிறுவயதில் அதைச் சந்தித்திருந்தார்கள். பையன்கள் பிறந்ததே அது போன பிறகு.

வைரஸ் ஏன் உருமாறுகிறது என்பது தனிக்கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏ. படியெடுக்கும்போது பிழை விழுந்தால் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. அதன் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில் விழும் பிழைகளில் சில, நம் எதிர்ப்புப் புரதங்களுக்குப் பழைய ஆளை அடையாளம் தெரியாமல் செய்துவிடுகின்றன.

மனித நடமாட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. ஊட்டியில் சுற்றுலாச் சீசனே இல்லாமல் போன அந்தக் கோடையில் உலகெங்கும் ஃப்ளூ படுத்துவிட்டது. பி வகையின் இரு கிளைகளில் ஒன்றான யமகட்டா, 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை. நாலு வைரஸ்களுக்கு எதிராக இருந்த தடுப்பூசியிலிருந்து அதை எடுத்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது.

அந்த நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடித் தடுப்பூசியில் எந்த வைரஸ்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். பூகோளப்படி நாம் வடக்கு. காய்ச்சல் மாதங்களைப் பார்த்தால் இரண்டிலும் சேரமாட்டோம். ஊசி போட்டுப் பலன் தர இரண்டு வாரம் ஆகும், சில மாதங்களில் அது குறையவும் தொடங்கும். எனவே கூடலூர்க்காரர் மே மாதத்துக்குள்ளும், கோத்தகிரிக்காரர் ஐப்பசிக்கு முன்பும் போட்டுக்கொள்வது பொருந்தும் என்பது என் கணக்கு. வயதானவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ சர்க்கரையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். கேட்கும்போது குப்பியில் எந்த ஆண்டு, எந்த அரைக்கோளம் என்று அச்சிட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷத்துச் சரக்கு சில கடைகளில் மிஞ்சியிருக்கக்கூடும்.