ஆயில் சம்ப்பை வெட்டும்போது

1957இல் பிரிட்டனில் வெளிவந்த லோட்டஸ் செவன் என்ற குட்டிக் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அன்று அப்படி வாங்கினால் வரியும் மிச்சமானது. அந்தப் பழக்கம் அங்கே இன்னும் விடவில்லை. இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துச் சட்டம் கட்டி, பழைய ஃபோர்டு காரிலிருந்து கழற்றிய எஞ்சினைப் பொருத்தி, செவன் சாயலில் சொந்தமாகக் கார் செய்கிறவர்கள் நிறைய. இவர்களில் பலருக்கு வரும் முதல் தலைவலி எஞ்சினின் உயரம். கார்ட்டினா, சியரா போன்ற குடும்பக் கார்களுக்காகச் செய்த பின்டோ எஞ்சின் நெட்டையானது. அதைத் தாழ்வான சட்டத்தில் இறக்கினால் மேலே பானெட் மூடாது, கீழே ஆயில் சம்ப் சட்டத்துக்கும் கீழாகத் தொங்கும். முதல் வேகத்தடையிலேயே சம்ப் கிழிந்துவிடும். ஆகவே அடியை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள்.

சம்ப் என்பது எஞ்சினின் அடியில் இருக்கும் தொட்டி; நம்மூர் மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்பார்கள். அதன் தரையை ஒட்டி ஓர் உறிஞ்சு குழாய், வாயில் ஒரு சல்லடை. பம்ப் அதன் வழியாக ஆயிலை இழுத்து, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு அனுப்புகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் இடைவெளிதான். கிராங்க் சுழலும் வேகத்தில் ஆயில் அந்த இடுக்குக்குள் ஆப்பு போல இழுபட்டு, உலோகத்தை உலோகம் தொடாமல் தூக்கிப் பிடிக்கிறது. பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்தால் அந்தப் படலம் கிழியும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பேரிங் தேய்ந்து நாசமாகச் சில நொடிகள் போதும்.

எனவே சம்ப்பில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். உறிஞ்சு குழாயின் வாய் எந்த நேரத்திலும் ஆயிலில் மூழ்கியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வெட்டுகிற பலர் லிட்டரை மட்டும் எண்ணுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்ப்பின் பள்ளமான பகுதி 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், ஆயில் 8 செ.மீ. ஆழம் என்றால் 4 லிட்டர். இதில் 3 செ.மீ. வெட்டினால் ஒன்றரை லிட்டருக்கு இடம் போகும். போனதை ஈடுகட்ட இரு பக்கமும் 6 செ.மீ. அகலத்துக்கு இறக்கை போலப் பெட்டிகள் வெல்டிங் செய்கிறார்கள். இப்போது அகலம் 32, ஆழம் 5. மறுபடியும் சரியாக 4 லிட்டர். கார் நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது.

வளைவில் திருப்பினால் கதை மாறும். நல்ல டயர் போட்ட எடை குறைந்த கார் பந்தயத் தடத்தில் புவியீர்ப்புக்கு ஈடான பக்கவாட்டு முடுக்கத்தை, அதாவது 1 ஜி அளவை, எட்டிவிடும். அப்போது ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். பழைய 20 செ.மீ. அகலத் தொட்டியில் அந்தச் சாய்விலும் நடுவில் ஏறத்தாழ 8 செ.மீ. ஆழம் நிற்கும். 32 செ.மீ. தொட்டியில் அதே 4 லிட்டர், நடுவில் 2 செ.மீ.கூடத் தேறாது. டம்ளரில் கொண்டுபோன ரசத்தைத் தாம்பாளத்தில் ஊற்றிக் கொண்டுபோவது போலத்தான். மூடியில்லாத தொட்டிக்கான கணக்கு இது. உண்மையில் இறக்கையின் மேல்தகடு கொஞ்சம் தடுக்கும். ஆனால் தடுக்கப்பட்ட ஆயில் சுவரேறி, சுழலும் கிராங்கைத் தொடும். கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். நுரையில் பாதி காற்று, சக்தியும் வீண்.

இதற்கு மருந்து தடுப்புத் தகடுகள். உறிஞ்சு குழாயைச் சுற்றி நாலு சுவர் எழுப்பி, சுவரில் கீல் வைத்த சின்னக் கதவுகள் மாட்டுகிறார்கள். ஆயில் உள்ளே வரும்போது கதவு திறக்கும். வெளியே ஓடப் பார்த்தால் அந்த ஆயிலே தள்ளிச் சாத்திவிடும். மோட்டாரோ ஸ்பிரிங்கோ கிடையாது. இந்தச் சம்ப் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேலே ஒரு படுக்கைத் தகடு வைத்தால் ஆயில் கிராங்கை நோக்கி ஏறுவதும் குறையும்.

பைக் எஞ்சினைக் காரில் வைப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூர்மை. பைக் வளைவில் சாய்கிறது. புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்த கூட்டுவிசை வண்டியின் அடியை நோக்கியே இருப்பதால், பைக்கின் சம்ப்பைப் பொறுத்தவரை ஆயில் எப்போதும் கீழேயே கிடக்கும். காரில் அதே எஞ்சின் நிமிர்ந்தே நிற்பதால் ஆயில் ஓரத்துக்கு ஓடுகிறது. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் செய்து கொண்டுவரும் கல்லூரி மாணவர்களில் பைக் எஞ்சின் வைப்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாடம் உண்டு. ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்து இன்னொரு பம்பால் சம்ப்பை வற்றவைக்கும் முறையும் இருக்கிறது. தொடக்கக்கால போர்ஷே 911களில் அதுதான். அந்தச் செலவை வீட்டில் செய்பவரின் பை தாங்காது.

வெட்டும் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. சம்ப்பைத் தனியாக வைத்து வெல்டிங் செய்தால் சூட்டில் அதன் விளிம்பு முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்த கேஸ்கெட்டும் அடைக்காது. பழைய எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுச் செய்ய வேண்டும். வார்ப்பு அலுமினியம் என்றால் துளைகளுக்குள் ஊறிய ஆயில் வெல்டிங்கின்போது கொதித்து வெளியே வரும், சுத்தம் செய்வதற்கே பாதி நாள் போகும். ஒழுகலைக் கண்டுபிடிக்க வெளியே சுண்ணாம்புப் பொடி பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள்; விரிசல் இருந்தால் பொடியில் ஈரக்கோடு தெரியும். உறிஞ்சு குழாயையும் அதே 3 செ.மீ. குறைத்து, தரைக்கும் வாய்க்கும் 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் பழைய கோடுகள் இனிச் செல்லாது. அளந்து ஊற்றிப் புதிதாகக் குறிக்க வேண்டும்.

கம்பெனியிலிருந்து வரும் ஆயில் எச்சரிக்கை விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும். அது எரிகிறபோது பேரிங் போயிருக்கும். ஆகவே 20 பிஎஸ்ஐ அளவிலேயே எரியும் சுவிட்ச்சைப் போட்டு, கண்ணெதிரே பெரிய விளக்காக வைக்கிறார்கள். முதல் ஓட்டத்தில் நீண்ட வலது வளைவில் மட்டும் அது மினுக்கினால், இடது பக்கக் கதவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கீல் சிக்கியிருக்கும், அல்லது கதவைத் திருப்பி மாட்டியிருப்பார்கள்.