படுத்தே இருந்தால் தீராத சோர்வு

"ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்" என்று புற்றுநோயாளிகளிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உளவியல் ஆலோசகராக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சென்ற வாரமும் ஒரு தம்பதி வந்தார்கள். கீமோதெரபி முடிந்து பல மாதங்கள் ஆகியும் கணவர் எழுந்து நடமாடவில்லை. "நாள் முழுக்கப் படுத்தேதான் இருக்கிறார், இன்னும் என்ன களைப்பு?" என்று மனைவி என்னைக் கேட்டார். கணவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குளித்துவிட்டு வந்தால் சட்டைப் பொத்தானைப் போடக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுவதாகப் பிறகு தனியாகச் சொன்னார். மனைவியிடம் அதைச் சொல்லவில்லையாம். சொன்னால் சாக்கு என்று நினைப்பாராம்.

வேலை செய்து களைத்தவர் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவார். புற்றுநோய்ச் சோர்வு தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். செய்த வேலைக்கும் வந்த களைப்புக்கும் பொருத்தமே இருக்காது. சிகிச்சை முடிந்தபின் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோம்பல்பட்டவர் தன் நிலையை நினைத்து இரவில் அழுவதில்லை. இந்தச் சோர்வை நோய் திரும்பிவிட்டதன் அடையாளம் என்று தாமாக முடிவுகட்டிப் பயப்படவும் வேண்டாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இரக்கப்பட்டு, ஒரு துரும்பைக்கூட நகர்த்தவிடாமல் படுக்க வைக்கும் குடும்பங்களும் உண்டு. படுக்கப் படுக்கத் தசை தளர்கிறது, பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, அடுத்த நாள் சோர்வு இன்னும் கூடுகிறது. அன்பினால் செய்தாலும் கெடுதல் கெடுதல்தான்.

முதலில் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வலி, மனச்சோர்வு, சாப்பிடும் மருந்துகள் என்று திருத்தக்கூடிய காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "களைப்பாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று சொல்லுங்கள். 4, அதற்கு மேல் என்றால் கட்டாயம் கவனிக்க வேண்டிய அளவு.

அடுத்துத்தான் எங்கள் வேலை. 113 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2017இல் வெளிவந்த அறிக்கை, இந்தச் சோர்வைக் குறைப்பதில் மருந்துகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையுமே நன்றாகப் பலன் தருவதாகக் காட்டியது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நாங்கள் உபதேசம் செய்வதில்லை. எழும் நேரத்தை ஒழுங்குபடுத்துகிறோம். தெம்பான நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த இரண்டு நாள் விழுந்து கிடக்கும் பழக்கத்தை மாற்றி, தினமும் ஒரே அளவு நடக்கவைத்து, மெல்லக் கூட்டுகிறோம். நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தையும், 'இனி நான் எதற்கும் உதவமாட்டேன்' என்ற எண்ணத்தையும் எதிரே வைத்துப் பேசுகிறோம்.

அந்த மனைவிக்கு வருகிறேன். இரவில் கணவர் புரண்டாலே விழித்துக்கொள்கிறார். தன் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து பல நாள் ஆகியும் வாங்கவில்லை. "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றவர், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் அழுதுவிட்டார். பராமரிப்பவரின் பாரத்தை அளக்க 22 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது. கோபமும் வெறுப்பும் குற்றவுணர்வும் வருவது இயல்பு என்று தெரிந்தாலே பலருக்கு மூச்சு விட முடிகிறது. வாழ்க்கைத்துணையைப் பராமரித்த முதியவர்களைப் பற்றி 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்தப் பாரத்தால் நொந்தவர்களின் இறப்பு அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆகவே உங்கள் மாத்திரையை இன்றே வாங்குங்கள், அம்மா. வாரத்தில் ஒரு அரை நாளையாவது வேறொருவரிடம் ஒப்படையுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்கும் உறவினர்களே, கேட்டுக்கொண்டு நிற்காமல் போய் நோயாளியின் அருகில் உட்காருங்கள்.

நோயாளியிடம் "மனதைத் திடமாக வைத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். "இன்று எவ்வளவு தெம்பு இருக்கிறது?" என்று கேளுங்கள். திடீரென்று சோர்வு கூடினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி சேர்ந்தாலோ என் அறைக்கு வராதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.