புகே யாஷிகி: மாளிகையா, மனையா?

ஜப்பான் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ‘சாமுராய் மாளிகை’ என்ற தொடர் தட்டுப்படும். ஜப்பானியர் சொல்வது ‘புகே யாஷிகி’. அதில் சாமுராயும் இல்லை, மாளிகையும் இல்லை.

‘பு’ என்றால் போர், படை. ‘கே’ என்றால் வீடு. செங்கல் வீடு அல்ல, ‘பெரிய வீட்டுப் பிள்ளை’ என்கிறோமே, அந்த வீடு. வழிவழியாக வரும் குடி. எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘படைவீடு’ என்று வந்து நிற்கும். அழகான சொல்தான். ஆனால் தமிழில் அது பாசறை. போதாக்குறைக்கு, படித்தவுடன் முருகன் வந்துவிடுவார். ‘மறவர்’ என்றால் இன்று சாதிப் பெயர் முந்திக்கொள்ளும். ‘படைக்குடி’ பொருந்துகிறது.

சரி, யாஷிகி? விஷயமே இதில்தான் இருக்கிறது. ‘யா’ என்பது வீடு, கூரை. ‘ஷிகி’ வந்தது ‘ஷிகு’ என்ற வினையிலிருந்து. விரித்தல், பரப்புதல் என்று பொருள். விருந்தினரை உட்கார வைக்கும் பாய் விரித்த அறைக்கு ‘ஜாஷிகி’ என்று பெயர். அங்கே இருப்பதும் இதே ஷிகிதான். ஆக, யாஷிகி முதலில் குறித்தது வீட்டுக்கென்று ஒதுக்கிய நிலத்தை. அப்புறம்தான் நிலம், வீடு, தோட்டம், மதில் எல்லாம் சேர்ந்த வளாகத்துக்கும் பெரிய வீட்டுக்கும் அது பெயரானது.

இதே வேலையைச் செய்கிற தமிழ்ச் சொல் கையிலேயே இருக்கிறது: மனை. ‘மனை வாங்கினேன்’ என்றால் நிலம். ‘அரண்மனை’யில் அதுவே வீடு. ‘மாளிகை’ என்றால் கட்டடம் மட்டும்தான் கண்ணில் நிற்கும். அதனால் என் தேர்வு ‘படைக்குடி மனை’.

நிலத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், தோகுகாவா குடும்பம் ஜப்பானை ஆண்ட காலத்தில் (1603–1868) சாமுராய்க்கு அந்த மனை சொந்தமே இல்லை. படியளக்கிற பிரபு ஒதுக்கிக் கொடுத்தது. படியளப்பது என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதல்ல. ஊதியமே அரிசிக் கணக்குதான். அளவின் பெயர் கோகு. 1 கோகு சுமார் 180 லிட்டர். எத்தனை கோகுவோ அதற்கேற்ற மனை, அதற்கேற்ற வாசல். தெருவில் போகிறவன் வாசலைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் தகுதியைச் சொல்லிவிடலாம்.

கனாசாவாவில் நாகாமாச்சி என்ற பகுதியில் இப்படிப்பட்ட மனைகள் இன்னும் இருக்கின்றன. 1583இல் மயேதா தோஷியே என்ற பிரபு கோட்டைக்குள் குடிபுகுந்த பிறகு வளர்ந்த நகரம் அது. சந்துகளில் நடந்தால் வீடு அதிகம் தெரியாது. மேலே கூரை வேய்ந்த மஞ்சள் மண்மதில்தான் கூடவே வரும். ஒரு பக்கம் வாய்க்கால் ஓடும். டிசம்பர் வந்தால் மதில்களின் மேல் வைக்கோல் பாய்களைத் தொங்கவிட்டுக் கட்டிவிடுகிறார்கள். பனியின் ஈரம் மண்ணில் இறங்கி உறைந்தால் மதில் உப்பிப் பெயர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊருக்கு ‘ஜோகாமாச்சி’ என்று பெயர்: கோட்டை, கீழ், ஊர். மலையடி, மரத்தடி என்பதுபோல ‘கோட்டையடி ஊர்’ என்றால் போதும். கோட்டையை ஒட்டிப் பெரிய படைக்குடிகள், தள்ளி வணிகரும் கைவினைஞரும், விளிம்பில் கோயில்கள். எதிரி நேரே ஓடிவர முடியாதபடி தெருக்கள் முட்டித் திரும்பும். 1620இல் அமைந்த காகுனோதாதே என்ற ஊரில் படைக்குடிகளின் பகுதிக்கும் வணிகர் பகுதிக்கும் நடுவே, தீ தாவாமல் இருக்க ஒரு வெட்டவெளியே விட்டிருந்தார்கள். எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், நிலத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு படைக்குடிகளிடம்தான் இருந்தது. ஊரில் பாதி மக்களான நகரவாசிகள், அதாவது வணிகரும் கைவினைஞரும், மிச்சத்தில் ஒரு துண்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சிவப்பு வாசல், மயேதா குடும்பத்தின் எடோ மனைக்கு 1827இல் வைத்தது; நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் மகள் மருமகளாக வந்ததற்காகக் கட்டியது.

1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிந்தன. சில ஆண்டுகளில் அரிசிப்படியும் நின்றது. ஹாகி நகரத்தில் வருமானம் இழந்த சாமுராய்கள் 1876 முதல் தங்கள் மனைகளில் ‘நாட்சுமிகான்’ என்ற புளிப்பு ஆரஞ்சு நட்டார்கள். பல இடங்களில் வீடு போய்விட்டது. மண்மதிலுக்கு மேலே பழம் மட்டும் எட்டிப் பார்க்கிறது.