பச்சிளம் கண்ணுக்கு எந்தக் காடு தெரியும்?

குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்கென ஓர் அறையையோ, அறையில் ஒரு பக்கத்தையோ ஒதுக்கிக் காடாக மாற்றும் ஆசை நம் நகரங்களிலும் பரவிவிட்டது. வெளிர் பச்சைச் சுவர், அதில் அதைவிடச் சற்றே அடர்ந்த பச்சையில் இலைகள், மூலையில் சாம்பல் நிற யானைக்குட்டி, தொட்டிலுக்கு மேலே தொங்கும் பஞ்சு மேகங்கள். படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்ப ஏற்ற அறைதான். ஆனால், யாருக்காக இத்தனை ஏற்பாடோ அந்த ஆளுக்கு முதல் இரண்டு மாதங்கள் இதில் அநேகமாக எதுவுமே தெரியாது.

பிறந்த குழந்தையின் பார்வைக் கூர்மை ஏறத்தாழ 6/120. நாம் 120 மீட்டர் தள்ளி நின்றே அடையாளம் கண்டுகொள்ளும் ஒன்றை, குழந்தை 6 மீட்டர் நெருக்கத்தில்தான் காண முடியும். அது ஓரளவு தெளிவாகப் பார்ப்பது முகத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை மட்டுமே. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் வெறும் மங்கல்.

கண்ணின் வில்லையைக் காட்டிலும் இதற்குப் பெரிய காரணம் விழித்திரை. கூர்மையான பார்வையையும் நிறத்தையும் தருபவை அதன் மையக் குழியில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் கூம்புச் செல்கள். பெரியவர்களுக்கு அவை மெலிந்து, நீண்டு, இடைவெளியின்றி நிற்கின்றன. பிறந்த குழந்தைக்கோ அவை குட்டையாகவும் தடித்தும், ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்கின்றன. ஒளியை வாங்கும் நுனிப்பகுதி இன்னும் வளரவில்லை. மழைநீர் பிடிக்க முற்றம் நிறைய அண்டாக்களை வைப்பதற்குப் பதில், இங்கொன்றும் அங்கொன்றுமாக டம்ளர்களை வைத்தது போன்ற நிலை. வந்த ஒளியில் பெரும்பகுதி வீணாகிறது. மையக் குழி முழு வடிவம் பெற நான்கு வயதாவது ஆகும். மூளையின் பார்வைப் பகுதியும் இதே காலத்தில்தான் தன் இணைப்புகளை அமைத்துக்கொள்கிறது.

பேச்சு வராத ஒருவருக்கு என்ன தெரிகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஃபான்ட்ஸ் ஓர் எளிய வழியைக் கையாண்டார். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே வட்டத் தட்டுகளைக் காட்டி, ஒரு சிறு துளை வழியாக அதன் கருவிழியைக் கவனித்தார். எந்தத் தட்டின் பிம்பம் கருவிழியில் விழுகிறதோ, அதைத்தான் குழந்தை பார்க்கிறது. 1963இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தைகளும் இருந்தன. முகம் வரைந்த தட்டு, வட்டத்துக்குள் வட்டம் வரைந்த தட்டு, செய்தித்தாள் துண்டு ஒட்டிய தட்டு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு ஒற்றை நிறத் தட்டுகள் என ஆறு. குழந்தைகள் அதிக நேரம் பார்த்தது முகத்தை; அடுத்து வட்டங்களையும் அச்செழுத்துகளையும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும்கூட அந்தப் பழைய செய்தித்தாளிடம் தோற்றுப்போயின!

ஆக, பச்சிளம் கண் தேடுவது விளிம்புகளை. இருளும் வெளிச்சமும் சந்திக்கும் கோடுகளை. நமக்கு ஒரு சதவீத வெளிச்ச வேறுபாடு இருந்தாலே இரண்டு பரப்புகளைப் பிரித்தறிய முடியும். குழந்தைக்கு அதைப்போலப் பல மடங்கு வேறுபாடு தேவை. வெளிர் பச்சையில் வெளிர் பச்சை இலை என்பது நம் ரசனைக்கு நயமாக இருக்கலாம். குழந்தைக்கு அது வெள்ளையடித்த சுவர். உங்கள் அலங்காரம் தேறுமா என்று பார்க்கச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. சுவரைக் கைப்பேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, நன்றாக மங்கலாக்கிப் பாருங்கள். அப்போதும் மிஞ்சும் வடிவங்கள்தாம் குழந்தைக்கு எட்டும்.

நம் வீடுகளில் இதற்குப் பொருத்தமானவை ஏற்கெனவே இருக்கின்றன. கருந்தரையில் வெள்ளைப் புள்ளிக் கோலம், அடர் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும் மதுரைச் சுங்குடிச் சேலை, மாறுபட்ட நிறத்தில் அகலக் கரை வைத்த கண்டாங்கி. பாட்டியின் மடியில் கிடக்கும் குழந்தை சேலைக் கரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். ஃபான்ட்ஸ் தட்டுகளைத் தயாரித்துச் செய்த சோதனை, கிட்டத்தட்ட அதே தூரத்தில், அந்த மடியிலும் நடக்கிறது.

நிறங்கள் வரிசையாக வந்து சேர்கின்றன. பெரிய பரப்பில் அடர்த்தியாக இருந்தால் சிவப்பைப் பிறந்த குழந்தையே சாம்பலிலிருந்து பிரித்துவிடும். சிவப்பு–பச்சை வேறுபாடு இரண்டாம் மாத வாக்கில் தெளிவாகிறது; நீலம்–மஞ்சள் மூன்று, நான்கு மாதங்களில். இரு கண்களின் பிம்பங்களையும் இணைத்து ஆழத்தை உணர்வதும் நான்காம் மாதம் அளவில் தொடங்குகிறது. அதனால் முதல் மாதத்துக்குக் கறுப்பு வெள்ளையில் வரைந்த வரிக்குதிரையும் இலை நிழலுருவங்களும் போதும். அடர் சிவப்புச் செம்பருத்தி பிறகு வரட்டும். நீல மீன்கொத்தி அதற்கும் பிறகு.

அசைவின் கதை இதைவிடச் சுவையானது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல், பிறந்து இரண்டு நாளான குழந்தைகளுக்குத் திரையில் சில ஒளிப்புள்ளிகளை மட்டும் காட்டினார்கள். ஒரு பக்கத்தில் அந்தப் புள்ளிகள் நடந்துபோகும் கோழியின் உடல் அசைவைப் பின்பற்றின. மறுபக்கத்தில் புள்ளிகள் தாறுமாறாக நகர்ந்தன. குழந்தைகள் கோழியையே அதிக நேரம் பார்த்தன. கோழியை அவை அதற்குமுன் கண்டிருக்க வழியே இல்லை. உடலோ நிறமோ இறகோ இல்லாத வெறும் புள்ளிகளில், உயிருள்ள ஒன்றின் நடையை மூளை பிறவியிலேயே இனம்கண்டுகொள்கிறது. சுவரில் அசையாமல் நிற்கும் யானைக்கு இந்த வாய்ப்பே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பங்கிளையும், அதில் வந்து உட்காரும் அணிலும் இருந்தால், தொட்டிலை அந்தப் பக்கம் நகர்த்துவது எந்தச் சுவரோவியத்தையும் விட மேல். ஜன்னல் திரையின் கயிறு மட்டும் கைக்கு எட்டக்கூடாது. நேர் வெயில் குழந்தைமேல் படவும் கூடாது.

கடைகளில் விற்கும் தொங்கு பொம்மைகளில் பல, நின்றுகொண்டு பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டவை. படுத்திருக்கும் குழந்தைக்குத் தெரிவது கிளியின் அடிவயிறு மட்டும். வாங்கும்முன் குனிந்து கீழிருந்து பார்த்துவிடுங்கள். பிறந்த குழந்தை பெரும்பாலும் தலையை ஒருபக்கமாக, அதிலும் வலப்பக்கமாகத் திருப்பியே படுத்திருக்கும். எனவே பொம்மையை நேர் உச்சியில் கட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் கட்டினால் கண்ணில் படும். ஐந்து மாதம் ஆனதும், அல்லது கைகளை ஊன்றி எழத் தொடங்கியதும், எது முந்தியதோ அப்போதே அதைக் கழற்றிவிட வேண்டும். கயிறு கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு.

இந்தத் தொங்கு பொம்மை குழந்தையின் நினைவாற்றலைப் பற்றிய கருத்தையே மாற்றிய கருவி என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர் 1960களின் இறுதியில் ஒரு ரிப்பனின் ஒரு முனையைக் குழந்தையின் கணுக்காலிலும் மறுமுனையைத் தொங்கு பொம்மையிலும் கட்டினார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு மூன்று மாதக் குழந்தைகள் சில நிமிடங்களிலேயே இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக உதைத்தன. பிற்பாடு ரிப்பனைக் கட்டாமல் பொம்மையை மட்டும் காட்டி, உதைக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு நினைவு ஓரிரு நாள் தங்கியது. மூன்று மாதத்தில் ஒரு வாரம்வரை. ஆறு மாதத்தில் இரண்டு வாரம். கைக்குழந்தைக்கு நீடித்த நினைவே கிடையாது என்று எண்ணியிருந்த காலம் அது.

அலங்காரத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இந்த ஆய்வின் இன்னொரு முடிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டிலின் பக்கங்களில் கட்டியிருந்த துணியின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றிவிட்டு, சில நாள் கழித்து அதே பொம்மையைக் காட்டினால், குழந்தை உதைக்கவில்லை. பொம்மை மாறவில்லை, பின்னணிதான் மாறியது. மூன்று மாதக் குழந்தைக்குச் சுற்றுப்புறமும் நினைவோடு பின்னிக் கிடக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று காட்டையும் கடலையும் மாற்றிக்கொண்டே இருக்க விரும்புகிறவர்கள், அறை முழுவதையும் ஒரேயடியாக மாற்றாமல் இருப்பது நல்லது என்பேன்.

இயற்கையின் பெயரால் குழந்தைக்கு ஒன்றே ஒன்றைத்தான் தர முடியும் என்றால், நான் பகலையும் இரவையும் தேர்வு செய்வேன். கருவிலிருக்கும்போது தாயின் உடலில் இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் குழந்தைக்கு இரவைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறந்ததும் அது நின்றுபோகிறது. குழந்தை தானாக மெலடோனினை நாளொழுங்கோடு சுரக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் அது கொஞ்சம் வருகிறது. உடல் கடிகாரத்துக்கு நேரம் சொல்பவை விழித்திரையில் உள்ள தனி வகைச் செல்கள். அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002இல் டேவிட் பெர்சன் குழு காட்டியது. இவை அதிகம் எதிர்வினை காட்டுவது நீல ஒளிக்கு. இங்கிலாந்தில் 6 முதல் 12 வாரக் குழந்தைகளிடம் இவோன் ஹாரிசன் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. இரவில் நன்றாகத் தூங்கிய குழந்தைகள் நண்பகலுக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே கூடுதல் வெளிச்சம் பெற்றிருந்தன.

அதனால் பகலில் திரையைத் திறந்துவையுங்கள். ‘அடர்காடு’ என்று பெயர் வைத்துப் பகலெல்லாம் அறையை இருட்டடிப்பது, காட்டின் பெயரில் காட்டுக்கு எதிரான வேலை. இரவில் நீலம் கலந்த வெள்ளை எல்இடி வேண்டாம். சிவப்போ ஆரஞ்சோ கலந்த மிக மங்கலான விளக்கு போதும். பழைய ஜீரோ வாட் பல்பில் நீலத்தையும் பச்சையையும் விரும்பி வாங்குவோம். குழந்தை இருக்கும் இடத்துக்குச் சிவப்பு வாங்கலாம்.

மழை, அருவி ஓசை எழுப்பும் கருவிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. கனடாவில் 14 கருவிகளைச் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், முழு ஒலியில், 30 சென்டிமீட்டர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. மூன்று 85 டெசிபலையே தாண்டின. வேலை செய்யும் இடங்களில் காதைக் காக்க வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு அது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தொட்டிலில் மாட்டாமல், இரண்டு மீட்டர் தள்ளி, குறைந்த ஒலியில் வைத்து, தூங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

தொட்டிச்செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அது சிறிய, மூடிய பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. உண்மையான அறையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்ட 2019 ஆய்வுக் கட்டுரை, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றது. தொட்டில் வைக்க இடம் இருக்காது! ஜன்னலைத் திறந்தால் போதும். மணிபிளாண்ட், டிஃபன்பேக்கியா இரண்டின் இலைகளிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. மென்றால் வாய் எரிந்து வீங்கும். அழகுக்காக வைப்பதானால் உயரத்தில் வையுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் தாட்சண்யமே வேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சைப் பூச்சுகளுக்குப் பளபளப்புத் தர ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய ஜன்னலையும் கதவையும் உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். உட்கொள்ளும் ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது. புதுப் பூச்சின் வாசனை, பிளைவுட் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு எல்லாம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இன்னும் அதிகமாக வெளியேறும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே வேலையை முடித்து, கர்ப்பிணியை அந்த அறைக்குள் விடாமல், காற்றாட விடுங்கள்.

உறங்கும் இடம் மட்டும் காடாக வேண்டாம். சமதளமான, அழுத்தமான மெத்தை, மல்லாந்து படுத்த குழந்தை, வேறொன்றும் இல்லை. பஞ்சு யானையும் இலை வடிவத் தலையணையும் மூச்சை அடைக்கலாம். தொட்டிலின் உட்புறம் கட்டும் பஞ்சுத் தடுப்பின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடைசெய்தது. முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்று அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் கூறுகிறது. தனி அறை இல்லையே என்று நம் வீடுகளில் வருந்தத் தேவையில்லை.

அப்படியானால் அந்த வெளிர் பச்சைச் சுவர் வீணா? பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து ரோஜர் உல்ரிச் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் பார்த்தது நிஜ மரம், ஓவியம் இல்லை. ஆயினும், நள்ளிரவில் கண்விழித்துப் பால் கொடுக்கும் தாய்க்கு இதமான சுவர் ஒன்று இருப்பதில் என்ன தவறு? சுவரின் மேல்பகுதியை அவருக்குக் கொடுத்துவிடலாம். குழந்தையின் பங்கு கீழே, அதன் முகத்துக்கு அருகில்.

ஒன்பது மாத வாக்கில் கீழ்ப்பகுதிக்கு வேறு விதி. அந்த வயதில் குழந்தைகள் தாளில் அச்சிட்ட பொருளைக் கையால் பற்றி எடுக்கப் பார்க்கின்றன என்று ஜூடி டிலோச் குழு 1998இல் காட்டியது. படம் வேறு, பொருள் வேறு என்பது பழகித்தான் புரிகிறது. வேடிக்கை என்னவென்றால், உண்மையான செடியிடம் இந்தத் துணிச்சல் குறைகிறது: 8 முதல் 18 மாதக் குழந்தைகள் செடியைத் தொட மற்றப் பொருள்களைவிட அதிக நேரம் தயங்குவதை, ஆன்னி வெர்ட்ஸும் கேரன் வின்னும் 2014இல் பதிவு செய்தார்கள். நச்சும் முள்ளும் உள்ள உலகில் அது பயனுள்ள தயக்கம். சுவரில் ஒட்டிய வண்ணத்துப்பூச்சியிடம் அந்தத் தயக்கம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஓரம் கிளம்பியிருக்கும் ஒட்டுப்படம் எதுவானாலும், குழந்தை தவழத் தொடங்கும் முன் உரித்தெடுத்துவிடுங்கள்.