லேத் நின்றால் நிற்கட்டும், விடுங்கள்

போன வாரம் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. பாதை முழுக்க கிரேட் பெட்டிகள், கிரேட் முழுக்க லேத்தில் கடைசல் முடிந்த ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு. முதலாளி கோயம்புத்தூர்ப் பக்கம். "ஆர்டர் எல்லாம் லேட்டாகுதுங்க சார். நாலாவதா ஒரு சிஎன்சி லேத் எடுக்கலாம்னு லோனுக்கு எழுதியிருக்கேனுங்க" என்றார். இந்த வருஷம் இந்தக் கதையைக் கேட்பது ஐந்தாவது தடவை. எழுத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிஎன்சி என்றால் கம்ப்யூட்டர் ஓட்டும் லேத். இப்போதுள்ள மூன்று லேத்தும் சேர்ந்து நாளைக்கு 180 ஷாஃப்ட் கடைகின்றன. கடைந்ததைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவர அடுத்து இருக்கும் ஒரே கிரைண்டர் 120தான் முடிக்கும். மிச்சம் 60 கிரேட்டுக்குப் போகிறது. நான் எண்ணிய அன்று 6,000 கிடந்தது. 120ஆல் வகுத்தால் 50 வேலை நாள். இன்று கடைந்த ஷாஃப்ட், வரிசைப்படி போனால், கிரைண்டரைத் தொடவே இரண்டு மாதம் ஆகும். வரிசைகளை ஆராய்ந்த ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்துக் காட்டிய கணக்கு இது. நமக்கு வகுத்தல் தெரிந்தால் போதும். நாலாவது லேத் வந்தால்? இன்னும் கிரேட் வாங்க வேண்டும்.

"மெஷின் சும்மா நின்னா இஎம்ஐ யாருங்க கட்டுறது?" அத்தனை பேரும் என்னை மடக்கும் கேள்வி. ஐயா, மெஷின் ஓடியதற்கு எந்த கஸ்டமரும் பணம் தருவதில்லை. முடிந்த ஷாஃப்ட் லாரி ஏறி, பில் போட்ட பிறகுதான் காசு. கிரேட்டில் துருப்பிடிப்பது உங்கள் இரும்பு, உங்கள் கரண்ட், நீங்கள் கொடுத்த கூலி. நாளைக்கே டிராயிங் மாறினால் அத்தனையும் எடைக்குத்தான் போகும். டொயோட்டாவின் தைச்சி ஓனோ ஏழு வகை விரயங்களைச் சொன்னார். காத்திருப்பதும் அதில் ஒன்றுதான். ஆனால் தேவைக்கு மேல் செய்து குவிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்றார். தினமும் கொரகுண்டேபாளையா சிக்னலில் நிற்கும் நமக்கு இது புரியாததுதான் ஆச்சரியம். பின்னால் எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தாலும் வரிசைதானே நீளும்?

அன்று மதியம் ஒன்று கவனித்தேன். லேத் மூன்றும் ஆள் மாற்றி ஓடுகின்றன. கிரைண்டர் மட்டும் நிற்கிறது, ஆப்பரேட்டர் சாப்பிடப் போயிருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கே அரை மணி நேரம் போனால் மொத்த ஒர்க்‌ஷாப்புக்கும் அரை மணி நேரம் போச்சு.

சாப்பாட்டு நேரத்தில் கிரைண்டருக்கு மாற்று ஆள் போடுங்கள்; லேத் ஆள் ஒருவரையே பழக்கலாம். அளவு பார்ப்பதை கிரைண்டிங்குக்கு முன்னாலும் செய்யுங்கள், தள்ளப்போகும் பீஸுக்கு அந்த மெஷினின் நேரத்தைக் கொடுக்காதீர்கள். செட்டிங் மாற்றத் தேவையான சாமான் எல்லாம் மெஷின் நிற்பதற்கு முன்பே பக்கத்தில் இருக்கட்டும். குவியல் குறையும்வரை லேத்துக்கு 120க்குக் கீழேயே வேலை கொடுங்கள். லேத் ஆளுக்குப் பீஸ் கணக்கில் இன்சென்டிவ் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், அவர் கை கட்டி நின்றால் தயவுசெய்து முறைக்காதீர்கள். முறைத்த அடுத்த நிமிடமே இன்னொரு கிரேட்டை நிரப்ப ஆரம்பித்துவிடுவார், பாவம்.

இதையெல்லாம் ஒரு மாதம் செய்தும் போதவில்லையா, சரி, லோன் வாங்குங்கள். கிரைண்டருக்கு.

நேற்று அந்த முதலாளி போன் செய்தார். மதியம் கிரைண்டரில் அவரே நிற்கிறாராம். லேத் லோன் பேப்பர் மட்டும் இன்னும் டிராயரில்தான் இருக்கிறதாம். கிழிக்க மனசு வரலைங்க என்றார்.