டிஷ்ஷின் மூக்கில் ஒரு கழித்தல் கணக்கு

காட்பாடிப் பக்கம் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் கேபிள் அறுந்த டிடிஹெச் டிஷ் ஒன்று நின்றுகொண்டிருக்கும். காயலான் கடைக்காரர் தட்டைத்தான் எடைக்குக் கேட்பார். எதிரே கம்பி நுனியில் இருக்கும் எல்என்பி என்ற குட்டிப் பெட்டியை அவர் மதிப்பதில்லை. சரக்கு இருப்பதோ அதில்தான்.

டிவி அலைகள் 10,700 முதல் 12,750 மெகாஹெர்ட்ஸ் வரை வருகின்றன. சாதாரண கேபிளில் விட்டால் வீட்டுக்குள் வருவதற்குள் வடிந்துவிடும். அதனால் எல்என்பி மாடியிலேயே, 11,700-க்குக் கீழே வருவதிலிருந்து 9,750-ஐக் கழித்துவிடுகிறது. 11,000 வந்தால் 1,250 ஆகக் கீழே இறங்கும்.

அலையைக் கழிப்பது எப்படி? சுருதி கொஞ்சம் விலகிய இரண்டு நாயனங்களைச் சேர்த்து ஊதினால் ஓசை 'வோம் வோம்' என்று அலையும். அந்த அலைவின் வேகம்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். எல்என்பி ஒரு படி மேலே போய், தானே உண்டாக்கும் 9,750 அலையை வானத்து அலையோடு பெருக்குகிறது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்தே பிறக்கும். கூட்டலை ஃபில்டர் தள்ளிவிடும்.

வந்தது சீரியலா, யாரோ பேசுவதா என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. 2018-இல் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம் வானொலிக்காரர்களுக்கென்றே, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்களுக்கென்றே, ஒரு டிரான்ஸ்பாண்டர் (அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) இருக்கிறது. அவர்கள் பேச்சு 10,489.5-ஐ ஒட்டி இறங்குகிறது. டிவி எல்லைக்குச் சற்றுக் கீழேதான், ஆனாலும் எல்என்பி முகம் சுளிக்காது. 9,750 போக மீதி 739.5. கணினியில் செருகும் பழைய யுஎஸ்பி டிவி டாங்கிளே அதைப் பிடித்துவிடும். எல்என்பிக்கு அதே கேபிள் வழியே 13 வோல்ட் வேண்டும். அது டாங்கிளுக்குள் போய்விடாமல் இடையில் பயாஸ் டீ என்ற, மின்சாரத்தையும் அலையையும் பிரித்துவிடும் சின்ன இணைப்பு அவசியம். (பதில் பேச 2,400 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டும். அதற்கு உரிமம் இல்லாமல் முடியாது.)

வேலூரிலிருந்து அந்தக் கோள் மேற்கே, அடிவானத்துக்கு மேல் சுமார் 28 டிகிரியில் நிற்கிறது. நம் ஊர் மரமில்லாத மலைகள் பெரும்பாலும் குறுக்கே வராது. டிடிஹெச் டிஷ் தன் முகத்துக்கு நேரே பார்க்காமல் சற்று மேலே சாய்வாகப் பார்க்கும் ரகம் என்பதால், சரியாகத் திருப்பியதும் கிட்டத்தட்ட செங்குத்தாக நின்று, எதிர்வீட்டை வேடிக்கை பார்ப்பதுபோல் இருக்கும்.

சிக்கல் வெயிலில்தான். இப்போதைய எல்என்பிகளில், கழிக்கும் அலைக்குத் தாளம் கொடுக்க 25 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் படிகம் ஒன்று இருக்கும். அதன் 390 மடங்குதான் 9,750. படிகம் சூட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே விடை 9.75 கிலோஹெர்ட்ஸ் தவறும். டிவி சேனலின் அகலம் பல மெகாஹெர்ட்ஸ், அதனால் அது கண்டுகொள்ளாது. ஹாம் பேச்சின் அகலமோ 3 கிலோஹெர்ட்ஸுக்குள். மே மாதம் காலையில் தெளிவாகக் கேட்ட குரல் பதினோரு மணிக்கெல்லாம் வாத்துச் சத்தமாகி, அப்புறம் காணாமலே போயிற்று. படிகமே இல்லாத இன்னும் பழைய எல்என்பி என்றால் கேட்கவே வேண்டாம்.

கோளிலிருந்து எப்போதும் வரும் அடையாள அலையான பீக்கனைப் பிடித்துக்கொண்டு பிசகைச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு. நான் முதலில் செய்தது அதைவிட மலிவு: தெர்மாகோல் டப்பா. மைக்ரோவேவ் அதைத் தாராளமாக ஊடுருவும், வெயில் ஊடுருவாது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காக்கை கொத்திவிட்டது.